ஆறு குட்டியில் எதைத் தூக்குவது?

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்கு ஊர் கம்பம். மேலே கேரள மலையில், வண்டன்மேட்டில் என் மாமனார் பார்த்துக்கொள்ளும் ஏலத்தோட்டத்தில் காவலுக்கு ஒரு கோம்பை நாய் இருக்கிறது. அது ஆறு குட்டி போட்டு இன்றோடு 33 நாள். கண் திறந்து நன்றாக ஓடுகின்றன, சோறும் நக்குகின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பிடித்ததைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்கிறார் மாமனார். எனக்கு, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வரும் பெரிய ஆண்குட்டி மேல் கண். மனைவிக்கு ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும் கடைக்குட்டியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதாம். அப்பாவோ, இருபது நகமும் கறுத்த மேல்வாயும் உள்ளதாகப் பார், காதைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டியாக எடு என்கிறார். பேசாமல் இரண்டை எடுத்து வந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. வீட்டில் 10 வயதில் மகன், 6 வயதில் மகள். நல்ல குட்டி எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போங்கள். ஆனால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.

33 நாள் என்பது குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிற வயது இல்லை. சோறு நக்குகிறது, பால் மறந்துவிட்டது, இனி தாய் எதற்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பாலுக்காக மட்டும் அது தாயோடு இல்லை. நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெரிய பாடம் நடக்கிறது. ஒன்று இன்னொன்றின் காதைக் கடிக்கும், கடிபட்டது வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடும், கடித்தது திருதிருவென்று முழிக்கும். நூறு தடவை இப்படி நடந்த பிறகுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு, எவ்வளவு போனால் சண்டை என்கிற அளவு அதற்குப் பிடிபடும். இதைக் கற்றுக்கொள்ளாமல் முப்பது நாளில் வந்த குட்டிகள்தான் நாலாவது மாதத்தில் என்னிடம் வருகின்றன, கூடவே கையெல்லாம் கீறலோடு வீட்டுப் பிள்ளைகளும். உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண் இருக்கிறாள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-ல் மத்திய அரசு போட்ட விதியிலும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. மாமனார் விற்கவில்லை, சும்மாதான் தருகிறார், சரி. ஆனாலும் 56 நாள் என்ற கணக்கு குட்டிக்கு மாறாது.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை எதற்குப் போகச் சொல்கிறேன்? தாயைப் பார்க்க.

குட்டி பார்க்கப் போகிற யாரும் தாயைப் பார்ப்பதில்லை. அதை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, குட்டிகளைச் சாக்கில் அள்ளி வந்து வாசலில் கொட்டுவார்கள், நாமும் குனிந்து பொறுக்குவோம். அஞ்சு வாரக் குட்டியிடம் இருப்பதைவிடத் தாயிடம் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது, ஏனென்றால் அது வளர்ந்து முடிந்த நாய். கோம்பை காவலுக்குப் பேர்போன சாதி, அதுவும் குட்டி போட்ட தாய், நீங்கள் போனதும் குரைக்கும், உறுமும். அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தோட்டத்து வாட்ச்மேன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஒன்றுமில்லை" என்று கழுத்தைத் தடவிக் கொடுத்த பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் அடங்கி, உங்களை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறதா, நல்ல தாய். வாட்ச்மேன் கையையே கடிக்க வருகிறதா, அல்லது வாலை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு மூலையில் நடுங்குகிறதா, அப்படியானால் யோசியுங்கள். பயம் ரத்தத்திலும் வரும், தாயைப் பார்த்துப் பழகியும் வரும். தகப்பன் யாரென்று கேட்டுப் பாருங்கள், தோட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. செவலை நிறமும் கறுத்த மூஞ்சியும் இருந்துவிட்டால் கோம்பை என்று சொல்லிவிடுகிறோம், அதில் பாதி எந்தத் தெருவின் கலப்போ. அதனால் குறைச்சல் ஒன்றுமில்லை, கோம்பை என்ற பெயருக்காக எடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தாய்க்கு வெறிநாய் ஊசி போட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் போட வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால், குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. பல் பட்டு ரத்தம் வந்தால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிக்கு ரேபிஸ் வராது என்று மலையிலும் சொல்கிறார்கள், கீழே நம்மூரிலும் சொல்கிறார்கள். வரும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், குட்டிகள் எங்கே வளர்கின்றன என்பது. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் ஏலத்தோட்டங்கள் எனக்குத் தெரியும், 23 வருடமாக மேலேயும் கீழேயும் போய்வருகிறேன். ஏலம் காயவைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் தாய் குட்டி போட்டிருக்கும், அந்தக் குட்டிகள் பார்க்கிற மனிதர் வாட்ச்மேன் ஒருவர்தான், கேட்கிற சத்தம் மழைதான். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்குள் பார்த்ததெல்லாம் அதற்குச் சொந்தம், பார்க்காததெல்லாம் பேய். அமெரிக்காவில் மெயின் மாகாணத்து பார் ஹார்பர் ஆய்வகத்தில் இதைச் சோதித்து 1961-ல் வெளியிட்டார்கள். குட்டிகளை உயரமாக வேலி கட்டிய வயலில் மனிதர் வாடை படாமல் வளர்த்து, வெவ்வேறு வாரத்தில் சில குட்டிகளை மட்டும் எடுத்துப் பழக்கினார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் பழகியவை சுலபமாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை ஆளையே பார்க்காமல் இருந்தவை கடைசிவரை காட்டு விலங்கு மாதிரியேதான் நின்றன. எல்லாம் ஒரே மாதிரிக் குட்டிகள்தான், ஆளைப் பார்த்த வாரம்தான் வேறு.

அதனால் எட்டு வாரம் வரை அங்கேயே விட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், ஒரு நாள் குடையை விரித்துக் காட்டுங்கள், வாட்ச்மேனிடம் ரேடியோவைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், காலையில் ஆள் ஏற்றி வருகிற ஜீப் சத்தம் காதில் விழுகிற இடத்துக்குக் கூடையை மாற்றச் சொல்லுங்கள், வேலைக்கு வருகிற பெண்கள் கையில் ஐந்து நிமிடம் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். எந்தக் குட்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட இந்த மூன்று வாரம் அதற்கு எப்படிப் போகிறது என்பதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

சரி, எந்தக் குட்டி? இதில் நானே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. கல்லூரியில் கடைசி வருடம், அரைகுறை டாக்டர், ஊரில் அத்தனை பேரும் என்னைத்தான் கேட்பார்கள் என்ற மிதப்பு. என் அண்ணனுக்கு ராஜபாளையம் குட்டி பார்க்கப் போனோம். ஐந்து குட்டி, எல்லாம் பளீர் வெள்ளை, ரோஸ் மூக்கு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருக் கோயிலில் வேட்டுப் போட்டார்கள். நாலு குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. ஒன்று மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு அப்படியே தூங்கியது. "இதுதாண்ணே வீரன், இதை எடு" என்றேன். மூன்று வாரம் கழித்து அண்ணி போன் செய்து, "நீ பார்த்துக் கொடுத்த வீரன் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறான், தட்டைப் பார்த்தால் மட்டும் ஓடி வருகிறான்" என்றார். இரண்டு காதும் கேட்காது. முழு வெள்ளை நாய்களில் இது வரும், நிறம் கொடுக்கிற செல்கள் உட்காதிலும் இல்லாமல் போவதால் பிறந்த சில வாரத்திலேயே காது அடங்கிவிடும். அவன் பதினோரு வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தான், தரையைத் தட்டினால் திரும்புவான், கைச் சைகைக்கு உட்காருவான். ஆனால் அண்ணன் இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

உங்கள் அப்பா சொல்கிற காதைப் பிடித்துத் தூக்கும் சோதனையும் இந்த ரகம்தான். வலித்தால் கத்துகிற குட்டிதான் நல்ல குட்டி. கத்தாதது நோயில் சோர்ந்திருக்கலாம், பயத்தில் உறைந்திருக்கலாம். தயவுசெய்து காதைப் பிடித்தும் தூக்காதீர்கள், முன்னங்காலைப் பிடித்தும் தூக்காதீர்கள், ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கை பின்பக்கத்திலும் கொடுத்துத் தூக்குங்கள்.

ஒவ்வொன்றையும் தனியாக, உடன்பிறப்புகள் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு நீங்கள் நாலடி தள்ளி உட்காருங்கள். கூப்பிடாதீர்கள். கொஞ்சம் கத்தும், மோந்து பார்க்கும், பிறகு உங்களிடம் வரும் அல்லது தன் பாட்டுக்குச் சுற்றும். அதற்குப் பின்பக்கமாக ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுங்கள். எல்லாக் குட்டியும் துள்ளும், துள்ளட்டும், அதை எண்ணாதீர்கள். துள்ளிய பிறகு எது திரும்பி வந்து டம்ளரை மோந்து பார்க்கிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அரை நிமிடத்தில் வருகிறதா, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் குட்டி. பத்து நிமிடம் ஆகியும் செடிக்குள் ஒளிந்து நடுங்குகிறதா, அதை அனுபவம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். காது கேட்கிறதா என்று பார்க்க மட்டும், தூங்கும்போது தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், தரை அதிராமல், காற்று படாமல். ஒரு காது மட்டும் கேட்காமல் இருந்தால் இதில் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு வாரத்தில் வைக்கிற பரீட்சை மூன்று வயது நாயைச் சரியாகச் சொல்வதில்லை, எத்தனையோ முறை பார்த்துவிட்டார்கள். நடுங்கி ஒடுங்குகிறதும் எதற்கும் அடங்காமல் பாய்கிறதும் ஆகிய இரண்டு ஓரங்களை மட்டும் இது காட்டிக் கொடுக்கும், நடுவில் இருப்பவற்றுள் எது என்று பிரித்துச் சொல்லாது.

நீங்கள் கண் வைத்த பெரியவன் அந்த ஓரத்தில் ஒன்றாக இருக்கலாம். தள்ளிக்கொண்டு முன்னால் வருவது பால் குடிக்கும்போது மட்டுமா, எப்போதுமேவா என்று பாருங்கள். மல்லாக்கப் போட்டு மடியில் பிடித்தால் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்கினால் சரி, ஐந்து நிமிடமும் கடித்துத் திமிறிக்கொண்டே இருந்தால், வேலைக்குப் போகிற இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பேரும் உள்ள வீட்டுக்கு அது அதிகம். கடைக்குட்டி விஷயத்தில் உங்கள் மனைவியின் மனசு எனக்குப் புரிகிறது, சிறியது என்பதே ஒரு குறை இல்லை, பின்காம்பில் இடம் கிடைக்காததால் சிறுத்தவை பெரும்பாலும் ஆறு மாதத்தில் மற்றதை எட்டிப் பிடித்துவிடும். எனக்கு உறுத்துவது ஓரமாக ஒடுங்கிக் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான். அது குணமாக இல்லாமல் வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம்.

பெரும்பாலும் பூச்சிதான். நாய்க்குட்டிக்கு உருண்டைப்புழு தாயின் கர்ப்பத்திலேயே வந்துவிடுகிறது, கொக்கிப்புழு பால் வழியாக வருகிறது, அதனால்தான் இரண்டாவது வாரத்திலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று எட்டாவது வாரம் வரை பூச்சிமருந்து கொடுக்கச் சொல்கிறோம், தாய்க்கும் சேர்த்து. உங்கள் குட்டிகளுக்கு இதுவரை ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சாப்பிட்ட பிறகு வயிறு பானை மாதிரி இருந்தால் பரவாயில்லை, பசித்திருக்கும்போதும் பானையாக இருந்து, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் பூச்சி. மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், ரோஸாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் குட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. அப்படியே தொப்புளைத் தடவிப் பாருங்கள், பட்டாணி அளவு மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டால் குடலிறக்கம், சிறியதாக இருந்தால் பயமில்லை, விரல் உள்ளே போகிற அளவு இருந்தால் என்னிடம் காட்டுங்கள். ஆணாக இருந்தால் எட்டாவது வாரத்தில் இரண்டு விரையும் பைக்குள் இருக்க வேண்டும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதில் நாற்றம், பின்பக்கத்தில் ஒட்டிய கழிச்சல் எதுவும் ஒரு குட்டிக்கு இருந்தாலும் ஆறுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுகிற பழக்கம் மேலே இருக்கிறது. உண்ணி செத்துவிடும், பல நேரம் குட்டியும் செத்துவிடும். எச்சில் வடிய, கண்மணி சுருங்கி, உடம்பெல்லாம் துடித்துக்கொண்டு ஜீப்பில் வந்து சேர்ந்த குட்டிகளில் எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. மாமனாரிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த வயதுக்கு விரலால் பொறுக்கி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாலே போதும்.

இரண்டு குட்டி வேண்டாம். கூடப்பிறந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உங்களைத் திரும்பிப் பார்க்காது, ஒன்றைப் பழக்குவதே ஒரு வருட வேலை. இன்னொன்று வேண்டுமென்றால் இது இரண்டு வயது தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறில் பெட்டை எத்தனை என்று நீங்கள் எழுதவே இல்லை. யாரும் எழுதுவதில்லை. ஆண்குட்டிகள் எல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும், மிச்சமாகிற பெட்டைகளைச் சாக்கில் கட்டி மலைப்பாதைத் திருப்பத்திலோ சந்தைக்குப் பக்கத்திலோ இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் பட்டி என்றால் நாய், இந்தப் பக்கம் பட்டி என்றால் ஊர், நான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வருகிறேன் என்றால் குமுளியில் இன்றும் ஒரு சிரிப்பு உண்டு. இரண்டு பக்கமும் பெட்டைக்குட்டியை மட்டும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். பெட்டை பழக்கத்துக்கு இன்னும் சுலபம், காவலில் ஒரு துளி குறையாது, கருத்தடை செய்துவிட்டால் வருடம் இரண்டு முறை தெருநாயெல்லாம் வாசலில் நிற்கிற தொல்லையும் இல்லை. டம்ளரை மோந்து பார்த்தது ஒரு பெட்டையாக இருந்தால் தயங்காமல் தூக்குங்கள்.

ஊசிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற இரண்டு கொல்லும் நோய்களுக்கும் சேர்ந்த முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் ஆகிறவரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி நடுவில் ஊசியை வேலை செய்ய விடாது என்பதால்தான் இத்தனை முறை. மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ். இதற்கு முன் உங்கள் வீட்டில் ஏதாவது குட்டி ரத்தக் கழிச்சலில் செத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலில்தான் வாசலையும் தரையையும் கழுவ வேண்டும். ஊசி முடிகிறவரை தெருவில் இறக்க வேண்டாம், ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்க வேண்டாம், மகனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வரச் சொல்லுங்கள், பஸ், மாடு, தலையில் கூடை வைத்த ஆள் எல்லாவற்றையும் கையிலிருந்தபடியே பார்க்கட்டும்.

கூட்டி வருகிற நாளில், கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கொடுக்காதீர்கள், கம்பம்மெட்டு வளைவுகளில் வாந்தி எடுக்கும். முதல் தடவை போகும்போதே ஒரு பழைய துண்டைத் தாயின் படுக்கையில் போட்டு வைத்துவிட்டு வாருங்கள், குட்டியோடு அதையும் துவைக்காமல் எடுத்து வாருங்கள். மேலே குளிரில் வளர்ந்தது, இங்கே மத்தியான வெயிலில் இறங்கினால் இரைக்கும், காலை நேரமாகக் கிளம்புங்கள். முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும், வெளியே கட்டிப் போடாமல் அந்தத் துண்டோடு ஒரு அட்டைப்பெட்டியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழும்போது கையைத் தொங்கப் போடுங்கள்.

நகக் கணக்கை விட்டுவிட்டேன். முன்காலில் ஐந்து ஐந்து, பின்காலில் நாலு நாலு, ஆக 18 என்பதுதான் வழக்கம். பின்கால் உள்பக்கத்தில் ஒவ்வொன்று தொங்கினால் 20, அது தாய் தகப்பன் வழியில் வருவது, ராசிக்கும் வீரத்துக்கும் அதில் வேலை இல்லை. மேல்வாய் கறுப்பும் தோல் நிறம் மாதிரிதான். அப்பா சொன்னபடி 20 நகக் குட்டியே அமைந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தத் தொங்கு நகம் தரையில் படாததால் தேயாது, வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும், மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். முதல் ஊசிக்கு வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள், எப்படி வெட்டுவது என்று அவருக்கே காட்டித் தருகிறேன்.